அம்மா வீடு திரும்பும் முன்

கேள்வி: மறதி நோய் உள்ள அம்மா இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து நாளை மறுநாள் வீட்டுக்கு வருகிறார். முன்பைவிடக் குழப்பம் அதிகமாகிவிட்டது. எப்படித் தயாராவது?

பதில்: ஆஸ்பத்திரியில் படுத்த முதியவர்களுக்கு இந்தத் திடீர்க் குழப்பம் வருவதுண்டு, டெலிரியம் என்பார்கள், தணியச் சில வாரங்கள்கூட ஆகலாம். டிஸ்சார்ஜுக்கு முன் அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பதை, நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள், கை எங்கே பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். பழைய மாத்திரைகளில் எது தொடரும், எது நின்றது என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், கழிப்பறை போகும் வழியில் இரவு விளக்கு. மூக்குக் கண்ணாடி, காது மெஷின் கைக்கெட்டும் இடத்தில். குழப்பம் சட்டென்று கூடினால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு விழிப்பை நீங்கள் ஒருவரே சுமக்காதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள்.