கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: பேக்கப்பை எங்கே வைப்பது?

கேள்வி: புளியந்தோப்பில் தரைத்தளத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம், வீடியோ எல்லாம் சேர்ந்து 2 டெராபைட் இருக்கும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று இருக்கிறது. டிஸ்கைப் பரணில் ஏற்றிவிட்டால் போதும்தானே சார்? பையன் இன்டர்நெட் வழியாகக் கிளவுடில் போடச் சொல்கிறான்.
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: மழைக்குச் சரி, மற்றதுக்கு? பூட்டை உடைத்து வருகிறவன் கம்ப்யூட்டரைத் தூக்கும்போது பரணையும் ஒரு தடவை துழாவிவிட்டுத்தான் போவான், மின்கசிவில் தீப்பிடித்தாலும் பரண் தப்பாது. போட்டோகிராபர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: மொத்தம் 3 பிரதி, 2 விதமான சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில். இதைப் பிரபலமாக்கிய பீட்டர் குரோக் என்பவரும் ஒரு போட்டோகிராபர்தான். உங்களிடம் இல்லாதது மூன்றாவது பிரதியும் அந்த வேறு இடமும்.

அதற்காகத் தங்கை வீடு வியாசர்பாடியில்தானே என்று அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு பக்கமும்தான் தண்ணீர் நின்றது. வேலூர், திருச்சி என்று வெளியூரில் மாமனார் வீடு இருந்தால் உத்தமம், இல்லையென்றால் மேடான பகுதியில் மாடியில் குடியிருக்கும் சொந்தக்காரர் யாராவது. இன்னொரு டிஸ்க் வாங்கி, ஒன்று கடையில் ஒன்று அங்கே என்று மாற்றி மாற்றி வையுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியில் கை ஓய்வாகத்தான் இருக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த வேலை முடிந்துவிடும். அப்புறம், ஊரார் வீட்டுக் கல்யாணப் படம் அடுத்தவர் அலமாரியில் இருக்கப்போகிறது, அதனால் டிஸ்குக்குப் பாஸ்வேர்டு பூட்டு அவசியம். விண்டோஸ் புரோ என்றால் பிட்லாக்கர் அதிலேயே இருக்கிறது, ஹோம் என்றால் இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட் போதும்.

பையன் சொல்வதும் தப்பில்லை, ஆனால் கணக்குப் பாருங்கள்: 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் 2 டெராபைட் ஏற ராத்திரி பகலாக 9 நாள் ஆகும், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். டிஸ்க் மாற்றிய பிறகு எடுத்த கல்யாணங்களில் ஆல்பம் இன்னும் கொடுக்காதவை மட்டும் கிளவுடில் இருக்கட்டும், பார்ட்டி கேட்டு வந்து நிற்கப்போவது அதற்குத்தான்.

கேள்வி: என் ஃபோல்டர் தானாகவே கூகுள் டிரைவில் ஏறிவிடுகிறது. தனியாக பேக்கப் எதற்கு?
– வாசகி, ராயபுரம்

பதில்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்மா, அதனால் அது பேக்கப் கணக்கில் வராது. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் மீட்டுவிடலாம், கவனிக்காவிட்டால் போச்சு. ரான்சம்வேர் என்கிற, பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் புகுந்து ஃபைல்களைப் பூட்டினாலும் பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். இலவச இடமும் மெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான். ஒரு ஹார்டு டிஸ்கில் வாரம் ஒரு தடவை காப்பி எடுங்கள், எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்; சொருகியே கிடக்கிற டிஸ்கையும் அந்த வைரஸ் விட்டுவைக்காது.

கேள்வி: வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் ஒரே பென் டிரைவில் இருக்கிறது. போதுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வர மட்டும்தான், அங்கிருந்து வைரஸோடு திரும்பினாலும் ஆச்சரியமில்லை. ஸ்கேன் எல்லாம் சேர்த்தே சில நூறு எம்.பி. தாண்டாது, உங்களுக்கு இலவச கிளவுடே தாராளம். அதில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று வையுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு மூன்றை போனில் திறந்து, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.