கிட்டப்பா தட்டும் கரகர சத்தமும்

வணக்கம்ணே, நான் உசிலம்பட்டி பக்கம். எங்க தாத்தா சேத்து வச்ச இசைத்தட்டு ஒரு முப்பது பரண்ல கெடந்துச்சு, அதுல நாலு அந்தக் கால நாடக நடிகர், பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடுனது. ஒரு ஸ்டூடியோல குடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தி கிளீன் பண்ணி வாங்குனேன். கரகர சத்தம் சுத்தமா போயிருச்சு, ஆனா அவரு தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. அப்பா ஒரு தடவ கேட்டுட்டு "இது அவரு இல்லடா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. வெளிநாட்டுல ஆபரான்னு பாட்டாவே நடத்துற நாடகத்தோட நூறு வருசத்து ரிக்கார்டயெல்லாம் ரீமாஸ்டர் பண்ணி நேத்து பாடுன மாதிரி தர்றாங்களே, நம்மளுக்கு மட்டும் ஏன்ணே இப்படி?

அன்புடன், உங்க வாசகன்.

தம்பி,

அப்பா காது சரியாத்தான் சொல்லிருக்கு. அந்தத் தட்டு அரக்குல செஞ்சது, கூட கல்லுத்தூளும் கலந்திருக்கும், ஸ்டீல் ஊசி தேஞ்சு பள்ளத்துல சரியா உக்காரணும்னு வேணும்னே கலந்தது, அதனால புதுத்தட்டுலயே கரகரன்னுதான் கேக்கும். ச, ஸ மாதிரி எழுத்தோட கூர்மை, ஜால்ராவோட கிணுகிணுப்பு எல்லாம் அந்தக் கரகரப்போட கலந்தே கெடக்கு. ஒண்ண மொத்தமா வழிச்சு எடுத்தா இன்னொண்ணும் கூடவே வந்துரும், அதான் தண்ணித் தொட்டி.

ஆபராக்காரங்க கதைக்கு வர்றேன். 1902 ஏப்ரல்ல மிலான்ல ஒரு ஹோட்டல் ரூம்ல வச்சு பிரெட் கைஸ்பெர்க்ங்கிற ஒலிப்பதிவுக்காரரு இத்தாலி ஆபராப் பாடகர் கரூசோவ 10 பாட்டு பாடவச்சு பதிஞ்சாரு, கூலி 100 பவுண்டு. அதே ஆளுதான் அந்த வருசக் கடைசில கல்கத்தா வந்து நம்ம நாட்டுப் பாடகி கௌஹர் ஜானையும் பதிஞ்சாரு. ரெண்டு பேருக்கும் மைக் கெடையாது, ஒரு தகரக் குழாய்க்குள்ள கத்திப் பாடணும், மைக் வச்சுப் பதியுறதே 1925ல தான் வருது. கரூசோவோட அந்தத் தட்டு நிமிசத்துக்கு 78 சுத்துல பதிஞ்சது இல்ல, 70ஐ ஒட்டித்தான், இன்னிக்கு 78ல போட்டா குரல் கீச்சுன்னு ஏறிரும். அவங்க என்ன பண்றாங்கன்னா, பாட்டோட நொட்டேசன்ல எந்த சுருதின்னு எழுதிருக்கும்ல, பின்னால வாசிக்கிற பியானோ அந்த சுருதிக்கு வர்ற வரைக்கும் தட்டோட வேகத்தக் கொறைக்கிறாங்க. அதுக்கும் முன்னால ஊசி. பின்னால வந்த பிளாஸ்டிக் எல்பி தட்டோட ஊசி இதுக்குப் பொடிசு, பள்ளத்தோட அடில போயி அழுக்கத்தான் கிளறும். சுமாரா 3 மில், அதாவது ஒரு இன்ச்ல ஆயிரத்துல மூணு பங்கு முனை உள்ள ஊசி வேணும், அதுலயே நாலஞ்சு அளவு வச்சுக்கிட்டு பழைய ஊசி தேய்க்காத சொவரு எந்த ஒசரத்துல இருக்குன்னு தேடுறாங்க. பாதி கரகரப்பு இங்கயே அடங்கிரும். கம்ப்யூட்டர் இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

கம்ப்யூட்டரே வேணாம்னு சொல்ல வரல. 1976ல அமெரிக்கால தாமஸ் ஸ்டாக்ஹாம்ங்கிறவரு கரூசோ குரல்ல அந்தத் தகரக் குழாயோட ஒலிய மட்டும் கணக்குப் போட்டுக் கழிச்சுக் குடுத்தாரு, பெரிய வேலை. டொக்கு டொக்குன்னு அடிக்கிற கீறலையும் தாராளமா எடுக்கலாம். அதோட நிறுத்தணும்.

நம்மளுக்கு நொட்டேசன் இல்ல, ஆனா ஆர்மோனியம் இருக்குல்ல. செல்லூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு பின்பாட்டுக்காரரு இருக்காரு, வள்ளி திருமணம் நாடகத்துக்கு நாப்பது வருசமா ஆர்மோனியம் வாசிக்கிறாரு. போன வருசம் ஒரு நாடகப் பாட்டுத் தட்ட 78ல போட்டேன், அதுல வர்ற ஆர்மோனியம் அவரு பெட்டில ரெண்டு கட்டைக்கு நடுவுல நின்னுச்சு. அவரு ஒரு கட்டைய அமுக்கிப் புடிச்சிக்கிட்டாரு, நான் வேகத்த மெதுவாக் கொறைச்சேன், 76க்கு சித்த கீழ வந்ததும் "ஆங், நிறுத்துங்க"ன்னாரு. அதுவரைக்கும் சித்த கீச்சுன்னு இருந்த குரலு ஒரு ஆம்பள நெஞ்சுல இருந்து வந்துச்சு. அவரு பெட்டியும் அந்தக் காலத்துப் பெட்டியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லதான், ஆனாலும் எனக்குப் புல்லரிச்சிருச்சு தம்பி.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப ஆத்தாமை. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல பசங்கள வச்சு நாடகம் போட பாலர் சபை ஆரம்பிச்ச ஊரு எங்க மதுரை. கொட்டகைல மைக் இல்லாம கடைசித் தரை டிக்கெட்டு வரைக்கும் எறிஞ்ச குரலு அந்தக் கால நாடகக்காரங்களோடது, ஆபராக்காரங்களும் இதையேதான் பண்ணாங்க. அந்த வீச்சுதான் தட்டுல விழுந்திருக்கு. அதுமேல எக்கோவும் பேஸும் ஏத்தி விட்டா, மைக்க வாய்கிட்ட வச்சு முணுமுணுக்கிற ஆளா ஆயிருவாரு. கிட்டப்பா 1933ல சாகும்போது வயசு 27 தான், மிச்சம் இருக்குறதே இந்தத் தட்டுங்கதான்.

ஸ்டூடியோல கேளுங்க, கிளீன் பண்றதுக்கு முன்னாடி ஏத்துன பைல் இருக்கான்னு. இருந்தா அத அழிக்காம வாங்கிருங்க. தட்ட நீங்களா தொடைக்கிறதா இருந்தா ஸ்பிரிட் மட்டும் போட்றாதீங்க. காலேஜ் படிக்கிறப்ப எங்க பெரியப்பா தட்ட நான் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன், பஞ்சு கறுப்பாக் கறுப்பா வந்துச்சு, அழுக்கு வருதுன்னு சந்தோசமா இன்னும் அழுத்தித் தேச்சேன். வந்தது அழுக்கு இல்ல, அரக்கு கரைஞ்சு பாட்டே வந்துருச்சு. இன்னிக்கு வரைக்கும் அது மனச விட்டுப் போகல.

ஒரு ஞாயித்துக்கிழமை மதுரைக்கு வாங்க. நாலு தட்டையும் படுக்கப் போட்டு அடுக்காம நிக்க வச்சு, நடுவுல துணி குடுத்து, பஸ்ல மடிலயே வச்சுக்கங்க, அரக்கு தட்டுனா ஒடஞ்சிரும். செல்லூர்காரரயும் வரச் சொல்றேன். அப்பாவக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, வேகத்த எங்க நிறுத்தணும்னு அவரும் சொல்லட்டும்.