வெளிநாட்டுப் பயணத்தில் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி: அடுத்த மாதம் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். மூன்று வாரப் பயணம். கார்டு தொலைந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயத்தில், முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். திருடு போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனாலும் முழுவதும் ரொக்கம் வேண்டாம். தொலைந்த கார்டை ஒரு ஃபோனில் முடக்கிவிடலாம். தொலைந்த நோட்டு போனது போனதுதான். தொகை பெரிதாக இருந்தால் சுங்க விதிகளும் குறுக்கே வரும். அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலோ, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்கு மேலோ கொண்டு போனால் அந்தத் தொகையைச் சுங்க அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வெவ்வேறு வங்கிகளுடையவை. ஒன்று உங்களோடு இருக்கட்டும், மற்றது அறையில் பூட்டிய பெட்டிக்குள். இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்திருந்து, பர்ஸோடு சேர்த்துப் பறிகொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர். கடைக்கும் ஹோட்டலுக்கும் கிரெடிட் கார்டு, ஏடிஎம்முக்கு மட்டும் டெபிட் கார்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. மோசடி நடந்தால் கிரெடிட் கார்டில் பில்லை மறுத்து வாதாடலாம். டெபிட் கார்டிலோ உங்கள் சொந்தப் பணம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும். அதனால் அந்தக் கணக்கில் சில நாள் செலவுக்கு மட்டும் பணம் இருந்தால் போதும்.

ஏடிஎம் என்றால் வங்கிக் கிளையோடு ஒட்டியிருப்பதைத் தேடுங்கள், அதுவும் பகல் நேரத்தில். இயந்திரம் கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்கலாம். பின் எண்ணை அடிக்கும்போது மற்றக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பணம் வருவதற்கு முன் திரையில் ஒரு கேள்வி வரலாம்: உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, இந்த ஊர்ப் பணத்தில் கணக்கிடவா? பழகிய பணத்தில் தொகையைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். போக விடாதீர்கள். அந்த மாற்று விகிதத்தில் இயந்திரக்காரரின் லாபமும் சேர்ந்திருக்கும். அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரம் இதே கேள்வியைக் கேட்டாலும் பதில் அதேதான்.

இன்னொன்று, பலர் மறப்பது. ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போட்டு, புறப்படும் முன்பே சரிபாருங்கள். ஓடிபி வராவிட்டால் பல இடங்களில் கார்டு இருந்தும் பயனில்லை.

அப்புறம் பிக்பாக்கெட். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இவர்கள் தொல்லை தாங்காமல் 2013 ஏப்ரலில் ஊழியர்களே வேலையை நிறுத்த, ஒரு நாள் அருங்காட்சியகத்தை மூட வேண்டியதாயிற்று. ஆளைத் திசைதிருப்புவதுதான் அவர்கள் தொழில். எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் முன்னால் போகிறவர் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் குனிவார். நீங்கள் சட்டென்று நிற்பீர்கள், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார். அந்த மோதலில்தான் கை பைக்குள் போய்வரும். சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று துடைக்க வருகிறவர், கையெழுத்துக்காக அட்டையை மூக்குக்கு நேரே நீட்டுகிறவர் எல்லாம் இதே கூட்டம்தான். யாராவது மேலே இடித்தால், மன்னிப்புக் கேட்பதற்கு முன் கையை உங்கள் பை மேல் வையுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அன்றைய செலவுக்கான பணம் மட்டும் முன் பாக்கெட்டில் இருக்கட்டும். மீதியும் பாஸ்போர்ட்டும் சட்டைக்குள் கட்டும் தட்டையான பையில். அந்தப் பையைத் தெருவில் திறக்கவே கூடாது, திறந்தால் பணம் இருக்கும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. போலீஸ் என்று சொல்லி, கள்ள நோட்டு இருக்கிறதா பார்க்கப் பர்ஸை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்துக்கே வந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டால், முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கஷ்டம். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஃபோனும் சேர்ந்து போயிருக்கலாம் என்பதால், வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கான வங்கி எண்ணையும் தூதரக எண்ணையும் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பர்ஸில் வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும்.