முதலில் தண்ணீர், பிறகு மீன்: பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துக் கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் ஈஜோக், தஞ்சோங் காராங், கோலா சிலாங்கூர் பக்கமிருந்தும் மீன் வளர்ப்பவர்களும் படமெடுப்பவர்களும் கேட்டவை. ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஈஜோக்: அண்ணே, இரண்டடித் தொட்டி புதுசா வாங்கி, பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பத்து மீன் வாங்கி விட்டேன். நாலாம் நாள் ஆறு செத்துப்போச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருக்கு.

தம்பி, தெளிவை நம்பாதீர்கள். அம்மோனியா என்ற விஷத்துக்கு நிறம் கிடையாது. மீன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றும், மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கொல்லும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல, வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் அடங்கிவிடும். இந்த பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் குடியேற நம் ஊர்ச் சூட்டிலும் நான்கு வாரம் ஆகும், சில தொட்டியில் ஆறு. உங்கள் தொட்டியில் நான்கு நாளில் ஒன்றும் வந்திருக்காது.

மிச்சமுள்ள நாலு மீனைக் காப்பாற்ற: தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் தீனி. சொட்டு மருந்தில் சோதிக்கும் அம்மோனியா கிட் ஒன்று வாங்குங்கள். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் தாண்டினால் அன்றே இன்னொரு முறை மாற்றவேண்டும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று கேட்டு அப்படியே போட்டால் வாரக்கணக்கு நாள்கணக்காகும். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

இன்னொன்று. 60 × 30 × 36 செ.மீ. தொட்டி கணக்குக்கு 65 லிட்டர். விளிம்புக்கு ஐந்து செ.மீ. கீழே நிரப்பி, கல்லையும் கழித்தால் உண்மையில் 50 லிட்டர்தான். மருந்து, உப்பு எல்லாம் இந்த 50-க்குத்தான். கடையில் சொன்ன எண்ணுக்கு மருந்து ஊற்றி மீனைச் சாகடிப்பவர்கள் நிறைய.

கோலா சிலாங்கூர்: ஆறு மாசமா தண்ணி மாத்தல, மீன் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து முக்கால்வாசி மாத்தினேன். ராத்திரியே எல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது. குழாய்த் தண்ணியில விஷமா?

குளோரினும் காரணமாக இருக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் இப்படி ஆறு மாதம் கிடந்த தொட்டியில் பெரும்பாலும் நடப்பது வேறு. நாளாக நாளாகத் தண்ணீர் புளிக்கும், பிஎச் என்ற புளிப்பு அளவு 6-க்கும் கீழே போகும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அந்தப் புளிப்பில் பாக்டீரியா வேலை மந்தமாகி அம்மோனியா சேரும். ஆனால் அது அம்மோனியம் என்ற, மீனை அதிகம் தாக்காத வடிவத்தில் இருக்கும். குழாய்த் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றியதும் பிஎச் ஏறி, அம்மோனியத்தில் ஒரு பகுதி விஷ அம்மோனியாவாக மாறுகிறது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவம் இல்லை. 8 என்றால் ஆறு ஏழு பங்கு. பழைய தொட்டியை மீட்க, தினமும் பத்தில் ஒரு பங்காக இரண்டு வாரம் மாற்றுங்கள். பழைய தண்ணீரில் வாழும் மீனுக்குப் புதுத் தண்ணீரை மெல்லத்தான் காட்டவேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தை: ஆன்டி குளோரின் கல்லு எவ்வளவு போடணும்? மழைத்தண்ணி பிடிச்சா அது தேவையில்லையா?

கடையில் பொட்டலமாக விற்கும் அந்த வெள்ளைக் கல் சோடியம் தயோசல்பேட். ஒரு பங்கு குளோரினுக்குச் சுமார் ஏழு பங்கு வேண்டும். 50 லிட்டருக்கு 1 கிராம் தாராளம், தொட்டியில் ஊற்றுவதற்கு முன்பே வாளியில் கரைத்துவிடுங்கள். குளோரின் மட்டும் என்றால், திறந்த வாளியில் காற்றுக்கல் ஓடவிட்டு ஒருநாள் வைத்தாலே போய்விடும். குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது.

மழைத்தண்ணீரில் குளோரின் இல்லை, சரி. கூரை கழுவப்பட வேண்டும் என்பதால் முதல் 20 நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஆனால் அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. தனி மழைத்தண்ணீரில் கப்பி மீனை விட்டால் சில வாரத்தில் பிஎச் சரிந்து மீன் மெலியும். பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலக்கவும்.

தஞ்சோங் காராங்: வயல் பாரிட்டில் (வாய்க்கால்) பிடிச்ச லாகா மீன் (சண்டை மீன்) காட்டு மீன்தானா, இல்ல யாரோ விட்ட கடை மீனான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

நல்ல கேள்வி. நம் நெல் வயல்களில் இருப்பது பெட்டா இம்பெல்லிஸ். 1975-ல் பெயரிடப்பட்டது. கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்பது பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ், தாய்லாந்துக்காரர்கள் சண்டைக்கும் அழகுக்கும் வளர்த்தெடுத்தது. காட்டு ஆணுக்கு உடல் கறுப்பு நீலம், செவுள் மூடியில் பச்சை நீலக் கோடு, வால் வட்டம், வாலின் ஓரத்தில் சிவப்புப் பிறை. வால் கூந்தல் மாதிரி தொங்கினாலோ உடல் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தாலோ சந்தேகமில்லை, கடை மீன் இரத்தம்.

இரண்டும் ஒன்றோடொன்று கூடிக் குஞ்சு பொரிக்கும், குஞ்சும் மலடாகாது. அதனால் வீட்டில் அலுத்துப்போன ஒரு கடை மீனை வயலில் விட்டாலும் அந்தப் பாரிட்டின் காட்டு இனம் கலங்கிவிடும். இதை அறியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் கலந்ததைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தை: ராஜா மூசா காட்டுப் பக்கம் கறுப்புத் தண்ணியில சின்னதா சிவப்பு லாகா இருக்காமே. ஒரு ஜோடி பிடிச்சு வளர்க்கலாமா?

நீங்கள் சொல்வது பெட்டா லிவிடா. கருஞ்சிவப்பு உடலில் பச்சைப் புள்ளி, வளர்ந்தாலும் ஐந்து செ.மீ.க்குள். 1992-ல் பீட்டர் இங், மோரிஸ் கோட்டலாட் இருவரும் பெயரிட்டார்கள். சிலாங்கூரின் கரிச் சதுப்பு நிலத்துக்கே உரிய மீன், அருகிவரும் இனம். நம் வீட்டு வாசலில் இருக்கிற இதை உலகத்தில் வேறெங்கும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுப்பது சட்டப்படியும் தவறு.

வளர்ப்பதும் லேசில்லை. உதிர்ந்த இலையும் மரக்கழிவும் ஊறி, தேநீர் நிறத்தில் பிஎச் 4 அளவில் இருக்கும் தண்ணீர் அது. அந்தப் புளிப்பில் நோய்க்கிருமி குறைவு. அதில் பழகிய மீன் சாதாரணத் தண்ணீருக்கு வந்ததும் பூஞ்சை பிடித்துச் சாகும். காட்டு ஓரத்தில் காவாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் கரி மண் காய்ந்து, வறட்சியில் தீப்பிடிக்கும். மீனுக்கு முதல் எதிரி அந்த வடிகால்தான், நம் வலை இரண்டாவது.

அந்தத் தண்ணீரின் அழகு பிடித்திருந்தால், கடையில் கிடைக்கும் பண்ணையில் பிறந்த முத்து செப்பாட் (பேர்ல் கௌராமி) மீனை வைத்துப் பழகுங்கள். மழைத்தண்ணீர் முக்கால், குழாய்த் தண்ணீர் கால். தானாக உதிர்ந்து காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை 15 லிட்டருக்கு ஒன்று, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை புதுசு. பச்சை இலை வேண்டாம். சாலையோரம், மருந்தடிக்கும் இடம் இங்கெல்லாம் பொறுக்கவேண்டாம்.

ஈஜோக்: லாகா முட்டை போட்டுச்சு, குஞ்சும் வந்துச்சு. ஒரு வாரத்துல எல்லாம் காணோம்.

பசி. முட்டை ஒன்று ஒன்றரை நாளில் பொரியும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சு நுரைக்கூட்டில் தொங்கிக்கொண்டு வயிற்றுக் கருவைத் தின்னும். படுக்கை வசத்தில் நீந்தத் தொடங்கும் நாளில் வாயில் நுழையும் தீனி தயாராக இருக்கவேண்டும். தூள் தீனி அதற்குப் பெரிது. ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு போத்தல் பழைய தொட்டித் தண்ணீரில் காய்ந்த வாழையிலைத் துண்டு போட்டு, மறைவான வெளிச்சத்தில் வையுங்கள். கலங்கித் திரும்பத் தெளியும்போது அதில் கண்ணுக்கெட்டாத நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். குஞ்சுத் தொட்டிக்கு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி. ஐந்தாறு நாள் கழித்து ஆர்ட்டிமியா என்ற பொடி உப்புநீர் இறால்: ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி முட்டை, காற்று பலமாக, 24 மணி நேரம். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

தண்ணீர் ஆழம் 12 செ.மீ. போதும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுங்கள், குஞ்சு நீந்தியதும் ஆணையும். தொட்டியை மூடி வையுங்கள். இந்த வகை மீன் மேலிருந்து காற்றை விழுங்கும் உறுப்பு மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் உருவாகிறது. அப்போது மேலே குளிர்ந்த காற்று பட்டால் கூட்டமாகச் சாகும்.

கோலா சிலாங்கூர்: கொசுப்புழு வளர்த்துத் தீனி போடலாமா?

தீனியாகச் சிறந்தது. ஆனால் வீட்டில் ஏடிஸ் புழு வளரவிடுவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், டிங்கியும் விளையாட்டல்ல. தண்ணீர்ப் பூச்சி டாஃப்னியா வளருங்கள்: வெயில் படும் வாளி, பாசியால் பச்சையான நீர், வாரம் ஒரு சிட்டிகை ஈஸ்ட். மேலே கொசுவலை கட்டாயம்.

பத்தாங் பெர்ஜுந்தை: மேலெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. மருந்து போட்டேன், மூணு நாள்ல போச்சு, திரும்ப வந்துருச்சு.

பாதியில் நிறுத்திவிட்டீர்கள், அக்கா. ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் எட்டாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்காகப் பெருகி, தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும் அந்தச் சில மணி நேரத்தில்தான் சாகும். புள்ளி மறைந்தது நோய் போனதற்கு அடையாளமல்ல. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, 50 லிட்டருக்கு 100 கிராம். மூன்று பங்காக்கி, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்காகக் கரைத்து ஊற்றுங்கள். பத்து நாள் குறையாமல் வைக்கவேண்டும். தண்ணீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. கறுப்புத் தண்ணீர் மீனுக்கு இந்த முறை ஆகாது.

தஞ்சோங் காராங்: போனில் படமெடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடுது. மீனும் கலங்கித் தெரியுது.

பட்டைக்குக் காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எரியும். புரோ மோடில் ஷட்டரை 1/100 வைத்தால் பட்டை போகும், ஆனால் துள்ளும் மீன் கலங்கும். பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி விளக்கில் பெரும்பாலும் இந்த மினுக்கல் இல்லை. இரண்டு விளக்கைத் தொட்டி மேல் வைத்து, ஷட்டரை 1/250-க்கு ஏற்றுங்கள்.

கேமரா உள்ளவர்களுக்கு: ஃபிளாஷைக் கேமராவில் மாட்டாமல் தொட்டிக்கு மேலே வைத்து, வெள்ளைத் தாள் ஒன்றால் பரப்பி, எஃப் 11, 1/200, ஐஎஸ்ஓ 200. லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்துச் செதில் மங்கும். அறை விளக்கை அணைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் பிம்பம் படத்தில் விழாது.

சின்ன மீனுக்குப் படப்பெட்டி ஒன்று செய்யுங்கள்: 20 × 15 செ.மீ., ஆழம் 8 செ.மீ. உள்ளே நகரும் ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, மீன் முன்னும் பின்னும் போகாமல் இடத்தைக் குறுக்கலாம். தண்ணீர் மீனின் சொந்தத் தொட்டியிலிருந்தே வரட்டும். புதுக் குழாய்த் தண்ணீர் என்றால் கண்ணாடியெல்லாம் பொடிக் குமிழ் ஒட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் மீனை அதில் வைக்காதீர்கள். துடுப்பை விரிக்க முகம் பார்க்கும் கண்ணாடி காட்டுவது ஒரு நிமிடம் போதும்.

ஈஜோக்: தோட்டத்துக் காவாயில் தீனியும் செடியும் எடுக்கலாமா?

செம்பனையில் களைக்கொல்லி அடித்து மழை பெய்த வாரம் வேண்டாம். கிளைபோசேட்டைவிட, அதை இலையில் ஒட்டவைக்கச் சேர்க்கும் சோப்புப் பொருள் செவுளுக்குக் கொடுமை. உரம் போட்ட பிறகும் அப்படித்தான், யூரியா அம்மோனியாவாகும். ஆலைக் கழிவு வரும் பக்கம் எப்போதுமே வேண்டாம். இறங்கும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். எலிக் காய்ச்சல் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் வரும்.

கோலா சிலாங்கூர்: பண்டாராயா மீன் ஒன்றரை அடி வளர்ந்துருச்சு. ஆத்துல விட்டுடலாமா சார்?

கூடாது. பாசி தின்னும் தென்னமெரிக்க மீன் அது, கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் பெருகி, கரையைக் குடைந்து, நம் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கடையில் திருப்பிக் கேளுங்கள். யாரும் வாங்கவில்லையென்றால், கிராம்பு எண்ணெயை வெந்நீரில் குலுக்கி, லிட்டருக்கு 0.4 மி.லி. வீதம் மீன் இருக்கும் வாளியில் கலந்தால் வலியில்லாமல் உறங்கிப் போகும். செவுள் அசைவு நின்றபின் இன்னும் பத்து நிமிடம் விட்டு, புதைத்துவிடுங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை: நம்ம பக்கத்து மீன்களைப் பதிவு பண்ணணும்னு ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்க?

ஒரு பாரிட், ஒரு நோட்டு. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், தண்ணீரின் சூடு, பிஎச், நிறம், ஓட்டம், கடைசி மழை எப்போது என்று எழுதுங்கள். மீனின் இடது பக்கம் தெரிய, எல்லாத் துடுப்பும் விரிந்த ஒரு படம். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல். ஆராய்ச்சியாளர்கள் இடது பக்கத்தையே ஒப்பிடுகிறார்கள். பிறகு மேலிருந்து ஒரு படம், வாய்க்கு அருகில் ஒன்று. பக்கக் கோட்டில் உள்ள தோல் செதில்களையும் முதுகுத் துடுப்பின் கதிர்களையும் படத்தைப் பெரிதாக்கி எண்ணி, ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் தளத்தில் ஒப்பிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பயந்த மீன் பத்து நொடியில் நிறம் மாறும்.

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் மற்றவர்களும் பெயரைச் சரிபார்ப்பார்கள். அருகிவரும் இனமானால் அது இடத்தைத் தானே மறைக்கும். நீங்களோ வாட்சப்பில் சரியான இடத்தைப் பகிராதீர்கள், விற்பதற்குப் பிடிப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். பிஎச் மானியைப் புறப்படுமுன் 4, 7 இரண்டு திரவத்திலும் சரிபாருங்கள். 7-ல் மட்டும் பார்த்த மானி நம் கறுப்புத் தண்ணீரில் தப்பாகக் காட்டக்கூடும்.