50 கிராம் ஹாப்ஸ்: பீர் காய்ச்சாமலே ருசி பார்ப்பது எப்படி?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறேன். மெல்போர்னில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். அங்கே என் நண்பர் வீட்டிலேயே பீர் தயாரிப்பார். கிளம்பும்போது, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் ‘சிட்ரா’ என்ற ரகத்தில் 50 கிராம் பொட்டலம் கொடுத்தார். ஆல்பா அமிலம் 12.5 சதவீதம் என்று அதில் போட்டிருக்கிறது. ருசி தெரிந்துகொள்ள ஐந்து லிட்டர் மட்டும் சோதனையாகக் காய்ச்சிப் பார்க்கலாமா? எவ்வளவு ஹாப்ஸ் போட வேண்டும்? இந்தக் கொடி நம் மண்ணில் வருமா?

பதில்: ஐந்து லிட்டர் என்ன, அரை லிட்டர்கூடக் காய்ச்சக் கூடாதுங்க தம்பி. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததற்குப் பிறகு தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். தன் தென்னையில் இறக்கும் கள்ளுக்கே அனுமதி கேட்டு நம் பக்கத்து விவசாயிகள் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஹாப்ஸின் ருசியைத்தானே? அதற்கு பீர் தேவையே இல்லை. பீருக்குள் போனால் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஈஸ்ட், ஆல்கஹால் என்று நாலு பேர் சேர்ந்து பேசுவார்கள். அதில் ஹாப்ஸின் குரல் எது என்று பிரித்துக் கேட்கவே தனிப் பழக்கம் வேண்டும். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் அது மட்டும்தான் பேசும். வெளிநாடுகளில் இதையே சோடா சேர்த்து ‘ஹாப் வாட்டர்’ என்று ஆல்கஹால் இல்லாத பானமாகப் புட்டியில் விற்கிறார்கள்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. பெண் கொடியின் பூவிதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூள் மாதிரி ஒரு பிசின் இருக்கும். சரக்கெல்லாம் அதில்தான். அந்தப் பிசினில் இருக்கும் ஆல்பா அமிலம் கொதிக்கக் கொதிக்க உருமாறி, தண்ணீரில் கரைகிற கசப்பாக ஆகிறது. சூடு 80 டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். வாசனை எண்ணெய்களின் கதை இதற்கு நேர் எதிர். கொதித்தால் ஆவியோடு பறந்துவிடும். ரசம் நுரை கட்டியதும் இறக்குவது ஏன் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே சங்கதி. எனவே பொட்டலத்தில் உள்ள 12.5 சதவீதம் என்பது எவ்வளவு கசக்கும் என்பதற்கான குறிப்பு மட்டுமே. எப்படி மணக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

இப்போது தண்ணீர். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், என்னையும் சேர்த்து. பானங்களின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வந்த வீட்டில் இருந்தவரை இந்தச் சோதனை அருமையாக வந்தது. சூலூர்ப் பக்கம் குடிபோன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் போர்த் தண்ணீரில் போட்டேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. வாயில் வைத்தால் சுண்ணாம்போடு மாத்திரையைக் கடித்த மாதிரி நாக்கின் ஓரமெல்லாம் பிடித்துக்கொண்டது. ஹாப்ஸ் பழசாகிவிட்டது என்று பாதிப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. உப்புத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் காரத்தன்மையை, அதாவது புளிப்புக்கு எதிரான குணத்தை, கூட்டும். காரத் தண்ணீர் இலைப்பகுதியில் உள்ள துவர்ப்பையும் முரட்டுக் கசப்பையும் சேர்த்து இழுத்துவிடும். உங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தால் அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு எடுங்கள். போர் மட்டும்தான் என்றால் ஆர்.ஓ. கேன் தண்ணீர்.

அதோடு கொஞ்சம் புளிப்பும் வேண்டும். எலுமிச்சை பிழியாதீர்கள். சிட்ராவின் வாசனையே நார்த்தை, எலுமிச்சை வகை. பழத்தைப் பிழிந்துவிட்டால் எது ஹாப்ஸ், எது பழம் என்று தெரியாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 5 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். ஒரு லிட்டருக்கு அந்தக் கரைசலில் 5 மில்லி, இருமல் மருந்து மூடியில் அளந்தால் போதும். கால் கிராம் ஆசிட் சேரும்.

சோதனை இதுதான். ஒரு லிட்டருக்கு 3 கிராம் வீதம் மூன்று பாத்திரம். 3 கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. நகை எடை போடும் சின்னத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 9 கிராம் நிறுத்து, கண்ணளவில் மூன்று பங்காகப் பிரியுங்கள்.

முதல் பாத்திரத்தில் ஹாப்ஸைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வற்றியதற்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஒரு லிட்டர் ஆக்கி, புளிப்புக் கரைசலைக் கடைசியில் சேருங்கள். இது கசப்பைக் காட்டும் பாத்திரம்.

இரண்டாவதுதான் முக்கியம், இதற்கு 80 டிகிரி வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் மூன்று டம்ளருக்கு, முன்பே கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினால் ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும். முதலில் புளிப்பு, பிறகு ஹாப்ஸ், பிறகு மூடி. 20 நிமிடத்தில் வடிகட்டிக் குளிரவையுங்கள். மூடியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தால் முகர்ந்ததெல்லாம் போச்சு.

மூன்றாவதற்கு அடுப்பே வேண்டாம். ஆறிய தண்ணீரில் புளிப்பும் ஹாப்ஸும் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். கூடவே ஹாப்ஸ் போடாமல் புளிப்பு மட்டும் சேர்த்த தண்ணீர் ஒரு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குடித்துப் பார்த்தால்தான் எது தண்ணீரின் ருசி என்று பிடிபடும். எல்லாமே ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

குடிக்கும் முன் அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். இது விளையாட்டுப் பேச்சல்ல. ஹாப்ஸ் எண்ணெயில் இருக்கும் பல பொருள்கள் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. கொத்தமல்லி விதையை நசுக்கினால் வரும் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல். ஹாப்ஸிலும் அது உண்டு. மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலீன் ஹாப்ஸிலும் உண்டு. மாங்காயில் இருக்கும் மிர்சீன்தான் பல ஹாப்ஸ் ரகங்களில் பெரும்பங்கு எண்ணெய். எலுமிச்சம்புல்லிலும் ரோஜாவிலும் இருக்கும் ஜெரானியாலும் அப்படியே. ஒரு தட்டில் நசுக்கிய மல்லி, இரண்டு மிளகு, பச்சை மாங்காய்த் தோல், கசக்கிய நார்த்த இலை, பழுத்த கொய்யாத் துண்டு வையுங்கள். ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு டம்ளரை முகருங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘கிரேப்ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட்’ என்று எழுதியிருப்பார்கள். சாப்பிட்டே பழகாத பழத்தை மனதில் தேடுவதைவிட, ‘முதலில் நார்த்த இலை, விழுங்கிய பிறகு கொய்யா’ என்று நோட்டில் எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். காலையில் காபிக்கு முன்னால் செய்யுங்கள். ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவே ஒரு பிடி பொரி மென்றால் நாக்கு பழைய நிலைக்கு வரும்.

இன்னொன்று, உங்கள் நாக்கை நீங்களே நம்பாதீர்கள். வீட்டில் யாரையாவது மூன்று டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தரம் சரியாக வந்துவிடும். தொடர்ந்து மூன்று தரமும் சரி என்றால் அப்படி வருவதற்கு 27-இல் ஒரு வாய்ப்புத்தான். 80 டிகிரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வித்தியாசம் தெரிகிறதாக நினைத்து, இந்தச் சோதனையில் கவிழ்ந்த அனுபவசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிடித்த பாத்திரம் எது என்று தெரிந்த பிறகு, ஹாப்ஸை இரட்டிப்பாகப் போட்டு, குடிக்கும்போது சரிபாதி குளிர்ந்த சோடா கலந்து பாருங்கள். சோடா புட்டியின் லேபிளைப் படித்து வாங்குங்கள். சிலவற்றில் சோடியம் பைகார்பனேட் சேர்ப்பார்கள், போர்த் தண்ணீர்க் கதை திரும்பிவிடும். இனிப்பு வேண்டுமானால் முதலில் வெள்ளைச் சர்க்கரை. நம் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை எனக்கும் உயிர்தான், ஆனால் அது தன் மணத்தைத்தான் முன்னால் நிறுத்தும். இனிப்புச் சேர்த்ததை வெளியே வைக்காதீர்கள். தென்னம்பாளைச் சாறு எப்படிக் கள்ளாகிறதோ அப்படி அதுவும் தானே நுரைக்கத் தொடங்கும்.

பீரில் வரும் ருசி அப்படியே இதில் வராது. ஈஸ்ட் சில வாசனைகளை வேறொன்றாக மாற்றும், மால்ட்டின் இனிப்பு கசப்பை மழுக்கும். ஆனாலும் ரகத்தின் குணத்தை அறிய இது தாராளமாகப் போதும்.

கொடி விஷயம். ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஸாட்ஸ், அமெரிக்காவின் யாக்கிமா என்று ஹாப்ஸுக்குப் பேர்போன இடமெல்லாம் கோடையில் 15, 16 மணி நேரம் வெளிச்சம் உள்ளவை. நமக்கு ஆனி மாதத்தில்கூட 13 மணி நேரம் எட்டாது. கொடி உயரம் போகும் முன்பே பூத்து நின்றுவிடும். இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். கோபியில் மஞ்சளையே வையுங்கள்.

மீதி ஹாப்ஸைக் காற்றை நன்றாகப் பிதுக்கி எடுத்துவிட்டு, அந்த அலுமினியப் பையிலேயே ஃப்ரீசரில் வையுங்கள். பழைய பாலாடைக்கட்டி வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தப் பானத்தைத் தவிர்க்கட்டும். வடிகட்டிய சக்கையைத் தென்னை மரத்தடியில் கொட்ட வேண்டாம். தோட்டத்தில் நாய் இருக்கும். நாய் ஹாப்ஸைத் தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போய்விடும், ஊறிய சக்கையும் அதே ஆபத்துத்தான். பையில் இறுகக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். தப்பித்தவறித் தின்றுவிட்டால், மூச்சு இரைக்கும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.