வெலிமடையில் திருப்பிய வேன் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

எனக்குச் சாவகச்சேரி. கடந்த டிசம்பரில் கூட்டாளிகள் ஐந்து பேர் ஒரு வேனில் நாட்டைச் சுற்றிவரக் கிளம்பினோம். கண்டி, நுவரெலியா, எல்ல, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, பிறகு வீடு. இதுதான் திட்டம். வெலிமடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, பண்டாரவளைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை கூடியிருக்கிறது, போகவேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். மழையும் விடவில்லை. வேனைத் திருப்பி, எங்களோடு கம்பஸில் படித்த ஒருவனின் தலவாக்கலைத் தோட்டத்து லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இரண்டு இரவு தங்கிவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். எல்லவில் அறைக்குக் கட்டிய முற்பணம் போய்விட்டது. திட்டம் போட்ட நண்பன், "அங்கே சனம் இருக்கிறதுதானே, எங்களுக்கு மட்டும் என்ன பயம்?" என்று கேட்டான். அதிலிருந்து எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. தேவையில்லாமல் பயந்துவிட்டோமா?

ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

இல்லை. வேனைத் திருப்பியது சரி.

உங்கள் நண்பரின் கேள்வி என்னை விடவில்லை. அங்கே சனம் இருக்கிறதுதான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்திலும் சனம் இருந்தது. மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. பயமில்லாததால் அவர்கள் அங்கே இருக்கவில்லை. எழும்பிப் போய் ஒரு குடிசை போடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. லயமும் தோட்டத்துடையது, அது நிற்கிற மண்ணும் தோட்டத்துடையது. இன்றைக்கும் எச்சரிக்கை சிவப்புக்கு வந்தால் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ போய்ப் படுக்கிறார்கள். மழை விட்டதும் பலர் அதே லயத்துக்குத்தான் திரும்புகிறார்கள். உங்களுக்குத் திருப்ப வேனும் போக வீடும் இருந்தன. இன்னொன்று: அந்தப் பாதையில் உங்கள் வேன் மண்ணில் மாட்டியிருந்தால், மண்வெட்டியோடு முதலில் ஓடி வந்திருப்பது அந்த லயத்து ஆட்கள்தான். ஏற்கெனவே பயத்தில் இருக்கிறவர்கள் தலையில் அதையும் ஏற்றக்கூடாது. இதை நண்பரிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன எச்சரிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுவது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். மலைக்கு வருகிறவர்கள் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். வழியில் புதிதாகச் சேற்று நீர் கசிந்தாலும், மரமோ கம்பமோ சாய்ந்து நின்றாலும், அந்த மண்மேட்டுக்குக் கீழே வேனை நிறுத்தாதீர்கள்.

உண்மையில் உங்கள் திட்டத்தில் பாதைகள் சரியாக இருந்தன, மாதம்தான் பொருந்தவில்லை. மலையகத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை எல்லாம் நனையும். அப்போது வெலிமடை, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். டிசம்பரில் இது தலைகீழ். வடகீழ்ப் பருவமழை ஊவாச் சரிவில் அடிக்கும். பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்தில் மூடுபனியோடு நுழைந்து, மறுவாயில் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அறுகம்பைக்கும் டிசம்பர் மழைக்காலம்தான். அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே வருவது ஏப்ரலுக்குப் பிறகு.

வேன் ஓட்டிய தம்பியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. ஏ9 வீதியில் மட்டமான தரையில் ஓடிப் பழகிய கை, றம்பொடை வளைவுகளில் ஏறி, மழையில் வெலிமடை வரை இறங்கியிருக்கிறது. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். தலவாக்கலைக்குப் போகும்போது நானுஓயாவில் கூகுள் மேப் ராதெல்லக் குறுக்குப் பாதையைக் காட்டியிருக்கலாம். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் ஒரு பஸ் மோதி 7 பேர் இறந்தார்கள். பத்து நிமிடம் கூடினாலும் பெரிய ரோட்டிலேயே போங்கள். போவதா திரும்புவதா என்று ஐந்து பேரும் பேசலாம், ஆனால் கடைசிச் சொல் ஸ்டீயரிங் பிடித்தவருடையது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் அறியாமல் கடந்துவந்த ஒன்று. உங்களுக்குச் சோறு போட்ட அந்த வீட்டாரின் மூதாதையர் பலர் 1820களில் தொடங்கிய கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023 ஜூலை கடைசியில் மலையகத் தமிழரின் 200 ஆண்டை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மதவாச்சிக்குப் பிறகு மாத்தளை வரை நீங்கள் ஏசி போட்டு வந்ததும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான். அடுத்த முறை அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாட்டன் சொன்ன கதைகள் பலரிடம் இன்னும் இருக்கின்றன.

போன முற்பணத்தை ஐந்தாகப் பிரித்து, நால்வரும் உங்கள் பங்கை அந்த நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். திட்டம் போட்டவர் என்பதற்காக நட்டம் அவருக்கு மட்டும் போகக்கூடாது. பிறகு அவரையே ஜூலைக்கு ஒரு திட்டம் போடச் சொல்லுங்கள். வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கலாம். வேன் ஓட்டுகிறவருக்குக் கண்டியில் ஒரு நாள் முழு ஓய்வு. வெல்லவாய இறக்கத்தைக் காலை வெளிச்சத்தில் இறங்குங்கள்.