ஜிம்மும் கம்ப்ரஸரும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு 47 வயது. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 23 வருடமாக இருக்கிறேன். காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பும் ஏர் கம்ப்ரஸர், குழாய், வால்வ், இதுதான் என் உலகம். மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மகன் பள்ளியில் படிக்கிறான். வீட்டுக் கடன் முடிய இன்னும் 6 வருடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிரிவில் என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேரை ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நிறைய வீடியோ பார்த்தேன். வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் அப்புறம் வேலைக்கே போக வேண்டாம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது 6 வருடச் செலவுக்கான பணம். சம்பளத்தை வைத்து மீதியைச் சேர்க்க முடியாது. அதனால் வேலையை விட்டுவிட்டு, பெயர் பெற்ற ஒரு ஜிம்மின் கிளை உரிமையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். சேமிப்பில் 4 வருடச் செலவுக்கான தொகையைப் போட்டு, மீதிக்கு வீட்டின் பேரில் கூடுதல் கடன் வாங்க வேண்டும். 18 மாதத்தில் போட்டது திரும்பிவிடும் என்று அவர்களே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கே.எஃப்.சி. கோழிக் கடைகளை உருவாக்கிய கர்னல் சாண்டர்ஸ் 65 வயதில் தொடங்கவில்லையா? ஆனால் என் மனைவி, 'மூணு வருஷம் ஓடலைன்னா என்ன பண்றது?' என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். எதையும் எதிர்மறையாகவே பார்க்கிறாள். வேலையில் எனக்கு நல்ல பெயர்தான். பக்கத்து ஆலைக்காரர்கள்கூட ராத்திரி ஒரு மணிக்கு மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது வேறு விஷயம். இந்த வயதில் தொழில் தொடங்கலாமா, சொல்லுங்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூலத்தில் ஜிம்மைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் இருந்தது. எந்த டிரெட்மில், எத்தனை கண்ணாடி, சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை. கம்ப்ரஸரைப் பற்றி இரண்டே வரி. அதையும் 'வேறு விஷயம்' என்று ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடலாம்.

வயது ஒரு தடையே இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தொழில் தொடங்கிய 27 லட்சம் பேரின் விவரங்களை வைத்து நான்கு பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. தொடங்கியவர்களின் சராசரி வயது 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 45. கல்லூரியை விட்டு ஓடிவந்த இருபது வயதுப் பையன் கதை சுவையானது, அதனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. வீடியோக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. எந்தத் துறையில் தொழில் தொடங்குகிறார்களோ அதே துறையில் குறைந்தது மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் பெரிய வெற்றி அடையும் வாய்ப்பு, அந்த அனுபவம் இல்லாதவர்களைவிட 85 சதவீதம் அதிகம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்குக் கிடைக்கும் சாதகம் நரைமுடியால் வருவதில்லை. அத்தனை வருடம் ஒரே விஷயத்தில் உழன்று கை பழகியதால் வருவது. நீங்கள் ஜிம்முக்குப் போகும்போது அந்தச் சாதகத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். அங்கே உங்களுக்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் ஒரே வித்தியாசம்தான். அவனுக்கு வீட்டுக் கடன் இல்லை.

சாண்டர்ஸ் கதைக்கு வருகிறேன். அவரை இழுக்காமல் இந்தப் பேச்சு யாருக்கும் முடிவதில்லை. அவர் 1890இல் பிறந்தவர். நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாடு விற்கத் தொடங்கியது 1930இல். 1939 வாக்கில் பிரஷர் குக்கர் வந்ததும் அதில் கோழியைச் சீக்கிரம் பொரிக்க வழி கண்டுபிடித்தார். முதல் கிளை உரிமையைக் கொடுத்தது 1952இல், 62 வயதில். அப்புறம் புதிய நெடுஞ்சாலை வேறு பக்கமாகப் போக, வியாபாரம் படுத்து, உணவகத்தை விற்றுவிட்டு ஊர் ஊராகக் காரில் போய்த் தன் கோழி செய்முறையை விற்றார். 65 வயதில் தொடங்கினார் என்று சொல்வது இந்தக் கடைசிப் பகுதியை மட்டும்தான். அதற்கு முன் கால் நூற்றாண்டு அவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். அவர் அப்போது போய் ஜிம் திறந்திருந்தால் நாம் இன்றைக்கு அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

அடுத்து அந்த 25 மடங்கு. எங்கிருந்து வந்தது தெரியுமா? வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் எழுதிய கட்டுரையிலிருந்து. அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்துப் பார்த்தார். ஓய்வு பெற்றவர் முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடத்துக்குப் பணம் தாங்கியிருக்கிறது என்றார். நூறை நான்கால் வகுத்தால் 25, அதுதான் அந்த 25 மடங்கு. அது ஒரு நாட்டின் வரலாறு, அதுவும் 30 வருடத்துக்கு. 55 வயதில் வேலையை விட்டு 95 வரை வாழ்கிறவருக்கு 40 வருடம் தேவை. ஆகவே அதை ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், வேதவாக்காக வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. தொழிலையும், சம்பளத்தை நம்பாமல் வாழும் நிதிச் சுதந்திரத்தையும் நீங்கள் ஒரே பொருளாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்கு அவை எதிரெதிர்த் திசையில்தான் ஓடும். சம்பளக்காரனுக்கு ஒரு முதலாளி. தொழில் தொடங்கியவனுக்கு வாடிக்கையாளர், வீட்டுச் சொந்தக்காரர், வங்கி என்று பத்து முதலாளிகள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 43 வயதில் நானும் வேலையை விட்டேன். பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு செய்து தரும் சின்ன நிறுவனம். இரண்டு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். எட்டாவது மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது நல்ல லாபம். காகிதத்தில். மறுநாள் சம்பளம் போட வேண்டும், வங்கிக் கணக்கில் பாதிச் சம்பளத்துக்குக்கூடப் பணமில்லை. எங்களிடம் பெரிய வேலை கொடுத்திருந்த ஒரு வாடிக்கையாளர் நான்கு மாதமாக 'அடுத்த வாரம்' சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் டைரியை விரித்து நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 'வர வேண்டியது', வலது பக்கம் 'வந்தது'. இடது பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். வலது பக்கம் மூன்றே வரி. மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துச் சம்பளம் போட்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். அந்த டைரிப் பக்கத்தைப் பார்க்கும்வரை அது எனக்குத் தெரியாது.

உங்கள் ஜிம் கணக்குக்கு வாருங்கள். 18 மாதம் என்று எழுதியவர் யார்? உரிமையை விற்பவர். அவருக்கு நுழைவுக் கட்டணம் முதல் நாளே வந்துவிடும். அப்புறம் பெயரைப் பயன்படுத்துவதற்காகத் தொடர்ந்து கட்டும் ராயல்டி. அது வழக்கமாக விற்பனையின் மேல்தான், லாபத்தின் மேல் இல்லை. நீங்கள் நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் அவர் பங்கு போய்ச் சேரும். ஒப்பந்தத்தில் இதைப் பாருங்கள். இன்னொரு கண்ணி: ஜிம்மில் வருடச் சந்தா முன்கூட்டியே கைக்கு வரும். திறந்த முதல் இரண்டு மாதம் பணம் கொட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் அது பன்னிரண்டு மாதம் வாடகை கட்டி, விளக்கு எரித்து, பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைக்கான பணம். மூன்றாவது மாதமே அதை லாபம் என்று நினைத்து எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டின் பேரில் கடன் மட்டும் வேண்டாம். இதில் என்னிடம் நடுநிலை கிடையாது. தொழில் படுத்தால் தொழிலோடு போகட்டும், கூரையும் சேர்ந்து போகக் கூடாது. அமெரிக்கக் கணக்குப்படி புதிய தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது, ஐந்து வருடத்துக்குள் பாதி. மூடியதெல்லாம் தோல்வி என்று சொல்ல முடியாது, விற்றவர்களும் உண்டு. இருந்தாலும் பாதி என்பது பாதிதான். முப்பது வயதில் முதலுக்கே மோசம் வந்தால் திரும்பச் சேர்க்க முப்பது வருடம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது பத்துப் பன்னிரண்டு.

இப்போது உங்கள் மனைவி. கடிதம் முழுவதிலும் தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை அவர் கேட்டிருக்கிறார். சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரை உட்கார வைத்து அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவதைவிட, எவ்வளவு போனால் நம்மால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் அவர்கள் இறங்குகிறார்கள். 'மூணு வருஷம் ஓடலைன்னா' என்பது அதே கேள்விதான். அதற்கு உங்களிடம் பதில் இல்லை, அதனால் கோபம் வருகிறது. என் மனைவியும் கேட்டாள், எனக்கும் வந்தது.

சரி, கம்ப்ரஸர். இந்தத் துறை எனக்குத் தெரியாது. ஆலை நடத்தும் நண்பர் ஒருவரிடம் உங்கள் கடிதத்தைப் பெயரில்லாமல் சொன்னேன். அவர் ஜிம்மைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காத்துக் கசிவு பார்ப்பாரா அவர்?" என்றுதான் கேட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அழுத்தப்பட்ட காற்றில் இயங்கும் ஆலைகளில், சரியாகக் கவனிக்காவிட்டால், கம்ப்ரஸர் தயாரிக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இணைப்புகளிலும் ஓட்டைகளிலும் வீணாகக் கசிந்துபோகிறது. அவ்வளவுக்கும் மின்சாரக் கட்டணம் கட்டுகிறார்கள். இயந்திரம் ஓடும்போது அந்தக் கசிவு காதில் விழாது. ஆலை நிற்கும் விடுமுறை நாளில் குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நடந்தால் அங்கங்கே 'உஸ்' என்று கேட்கும் என்றார் நண்பர். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். காதுக்கு எட்டாததைப் பிடிக்க ஒரு அல்ட்ராசானிக் கருவி இருக்கிறதாம். ஒவ்வொரு ஓட்டையிலும் அடையாளத்துக்கு ஒரு அட்டையைக் கட்டி, சரிசெய்து, முன்னும் பின்னும் மின்செலவைக் காட்டினால் ஆலைக்காரர் மறுபடி கூப்பிடுவார்.

கவனித்தீர்களா? விடுமுறை நாள் வேலை இது. சம்பளத்தை விட வேண்டியதில்லை. 4 வருடச் செலவும் வேண்டாம், ஒரு கருவியும் உங்கள் காதும் போதும். வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முழுதாக இறங்கியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, நேரடியாகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்கிறது 2014இல் வந்த இன்னொரு ஆய்வு. உங்கள் வேலை ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பக்கம் போகாதீர்கள்.

இதில் கோடீஸ்வரர் ஆக முடியுமா? தெரியாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பச் செலவில் மூன்றில் ஒரு பங்கை இந்தச் சின்னத் தொழில் கொடுத்துக்கொண்டிருந்தால், அது ஓடும்வரை, உங்கள் 25 மடங்கு மீதி இரண்டு பங்குக்கு மட்டும் போதும். அதாவது இப்போதைய வருடச் செலவைப் போல 17 மடங்குக்கும் குறைவு. கையில் இருக்கும் 6 வருடச் சேமிப்பும் அப்படியே இருக்கும். அந்த இரண்டு பேரை அனுப்பிய மாதிரி நாளைக்கு உங்களை அனுப்பினாலும், மறுநாள் காலையில் போக ஒரு இடம் இருக்கும். எனக்கென்னவோ உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது 25 மடங்கு இல்லை, அந்த மறுநாள் காலைதான் என்று தோன்றுகிறது.

கருவி வாங்குவதற்கு முன் உங்கள் மனைவியுடன் உட்கார்ந்து, இதில் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை எவ்வளவு, எத்தனை மாதம் பார்ப்பது என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அவரே எழுதட்டும்.

ஒரு சந்தேகம். ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிடுகிறார்களே அந்தப் பக்கத்து ஆலைக்காரர்கள், இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அதற்குப் பணம் கொடுத்தார்களா? நீங்கள் கேட்டீர்களா?